திருவிதாங்கோட்டு அரைப்பள்ளி

ஸ்ரீவராகத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துச் சிறுவர்க்கு நவராத்திரி என்றாலே தனி உற்சாகம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் எழுந்தருளி வரும் சாலையை அவர்கள் நன்கறிவர். அச்சாலை வழியே தெற்கு நோக்கி, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் தக்கலை வரும். அதன் அருகேயுள்ள சிற்றூரே திருவிதாங்கோடு. முன்னாளில் வேணாட்டு மன்னரின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. திருவிதாங்கூர் என்னும் நாட்டுப் பெயரும் அவ்வூர்ப் பெயரினின்றே பிறந்தது.

அவ்வூரில் புனித மரியாள் பெயரால் ஒரு பழைய கிறித்தவ ஆலயம் உண்டு. மக்கள் அதனை அரைப்பள்ளி என்றும் தோமையார் கோவில் என்றும் வழங்குவர். வானளாவும் கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமடைவர். சிறிய கட்டடம், கருங்கற் சுவர்கள். அக்கற்களைச் செதுக்கியவர்கள் நம் நாட்டுத் தச்சரே.

இயேசுநாதரின் சீடரான தோமையார் கி.பி. 63-இல் இதனை நிறுவினார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அவர் சேரநாட்டில் நிறுவியதாகக் கூறப்படும் ஏழு ஆலயங்களுடன் இதனையும் சேர்த்து ‘ஏழரைப் பள்ளிகள்’ என்பர். கொடுங்கல்லூர், பாலையூர், நிரணம், கொல்லம் முதலியன அவ்வேழனுள் அடங்கும். ‘அரை’ என்பது பாதியைக் குறிக்கும் என்பார் சிலர். ‘அரசன் பள்ளி’ என்பதே திரிந்தது என்பார் வேறு சிலர்.

ஆயின் கற்கள் கூறும் காலம் வேறு. இன்று நாம் காணும் சுவர்களிலுள்ள உளித் தடங்கள், இப்பகுதியின் 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் காணப்படுவன போன்றவை. அதனால் பழங்கதையைப் பொய்யென்று தள்ளவேண்டுவதில்லை. கட்டடத்தின் வயது ஒன்று, அங்குக் கூடி வழிபட்ட மக்களின் வயது வேறொன்று. வேணாட்டில் கிறித்தவர் வாழ்ந்தமைக்கு உறுதியான சான்றாய் 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு உள்ளது. வேணாட்டுத் தலைவர் அய்யனடிகள் கொல்லத்துப் பள்ளிக்கு வழங்கிய உரிமைகள் அதில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்த வணிகக் குடும்பங்களே இவ்வூரின் முதற் கிறித்தவர்கள் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது மெய்யாயின், அவர்களும் நம்மைப்போல் பிறந்த ஊரைப் பிரிந்து வந்தவர்களே.

1795-இல் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. 1956 நவம்பர் 1-இல் கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்வாறு திருவிதாங்கோடு எல்லைக்கு அப்பாலாயிற்று, நாம் இப்பாலானோம். எனினும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவ்வாலயத்தைப் போற்றி வருகின்றது. 2007-இல் அதனைப் புனிதத் தலமாகவும் அறிவித்தது.

நம் குழந்தைகள் ‘நம் ஊர் எது?’ என்று வினவும்போது, விடை சொல்ல நாம் தயங்குகின்றோம். அடுத்த விடுமுறையில் அவர்களை அங்கு அழைத்துச் செல்வோம். அரசும் எல்லையும் மாறினும், வணங்குவோர் கைவிடாத இடம் நிலைக்கும் என்பதை அக்கற்கள் அவர்களுக்கு உணர்த்தட்டும்.