தோணியில் உம்மாவுக்கும் இடமுண்டு

 

ஆகஸ்ட் விடுமுறை வந்துவிட்டால் மலைநாட்டிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் நம்மவர்கள் வேன் பிடித்துக் கிழக்கே வருகின்றார்கள். தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் அந்நாட்களில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வாப்பாவும் ஆண்பிள்ளைகளும் தூண்டிலோடு தோணி ஏறுவார்கள். உம்மா கரையில் பாய் விரித்து, சோற்றுப் பார்சலுக்கும் செருப்புகளுக்கும் காவலிருப்பார். அவருடைய விடுமுறை, சமையலறை இடம் மாறியதோடு முடிந்துவிடுகின்றது. இம்முறை நீங்களும் ஏறுங்கள் என்று சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

எங்கே ஏறுவது? மட்டக்களப்பு வாவியைச் சொல்வேன். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் காத்தான்குடி முதலான ஊர்கள் அமைந்திருக்கின்றன. பாலமீன்மடுப் பக்கமுள்ள முகத்துவாரத்தால் கடல்நீர் உள்ளே வந்து ஆற்றுநீரோடு கலக்கின்றது. கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் மீன்குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன. உங்கள் சட்டியில் கொதிக்கும் கொடுவாவும் ஓராவும் இறாலும் இப்படியான நீரில் வளர்ந்தவையாக இருக்கலாம். அந்தக் கண்டலை வெட்டினால் நாளை சந்தையில் விலை ஏறும் என்பதை, அதனை அருகே பார்த்த பிள்ளைக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மீனவர் தோணியோடு இப்போது கயாக் எனும் சிறு படகும் வாடகைக்குக் கிடைக்கின்றது. ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் வலிக்கும் படகு இது. வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிட் மக்கள் வேட்டைக்காகச் செய்துகொண்டது. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துவார்கள். ஒரு சொட்டு நீரும் புகாதபடி அத்தோலைத் தைத்தவர்கள் அவர்களது பெண்கள். வேட்டைக்குச் சென்றவனின் உயிர் அவனுடைய வீட்டுப் பெண்ணின் ஊசியில் இருந்தது!

நமது வரலாற்றிலும் கடலேறிய பெண்மணி உண்டு. தமது உம்மத்தினர் சிலர் கடலில் பயணிப்பதைக் கனவில் கண்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அவர்களில் தாமும் ஒருவராக துஆச் செய்யும்படி உம்மு ஹராம் (ரழி) அவர்கள் கேட்டார்கள். உஸ்மான் (ரழி) அவர்களின் கிலாபத்தில், ஹிஜ்ரி 28 ஆம் ஆண்டளவில், கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரழி) அவர்களோடு சைப்ரஸ் நோக்கிக் கப்பலேறினார்கள். கரையிறங்கிய பின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து வபாத்தானார்கள். அந்தத் தியாகப் பயணத்தை நமது உல்லாசப் பயணத்தோடு ஒப்பிட முடியாது. ஆயினும் கடல் ஆண்களுக்கு மட்டும் உரியதென்று எவரும் சொல்ல அது இடம் வைக்கவில்லை.

"மௌலவி, எங்களுக்குக் கடலென்றாலே பயம்" என்று கிழக்கிலுள்ள தாய்மார் சொல்வதை நான் அறிவேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கொண்டுபோனவர்களில் பெண்களும் சிறுவர்களும் அதிகம். பலருக்கு நீந்தத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தண்ணீரை அறியாத பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். பயத்தை மட்டும் மகளுக்குக் கொடுத்துவிட்டு, நீச்சலைக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்தார்கள். நீரில் அந்தக் கயிறு இவைதாம்:

உயிர்காப்பு அங்கி அணியாமல் எவரும் ஏறக்கூடாது. நீந்தத் தெரிந்த வாப்பாவும்தான். அங்கியின் பட்டிகளை இறுகக் கட்டுங்கள்.

நீண்ட அபாயா நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். தளர்வான சல்வாரும், தொங்காதபடி கட்டிய ஹிஜாபும் பர்தாவையும் பேணும், உயிரையும் பேணும்.

ஸுபஹ் தொழுதவுடன், வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, காற்று எழுமுன் திரும்பிவிடுங்கள். கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும். இலேசான கயாக்கையோ அது வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். பழக்கமில்லாதவர்கள் கடலை விட்டு வாவியோடு நின்றுகொள்வதே நல்லது. முகத்துவாரத்தின் நீரோட்டத்துக்குக் கிட்டப் போகவும் வேண்டாம்.

வாவியில் முதலைகளும் உண்டு. எந்தப் பக்கம் போகலாம் என்பதை அவ்விடத்து மீனவரிடம் கேட்டே இறங்குங்கள்.

படகு கவிழ்ந்தால் அதையே பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். கரையை நோக்கி நீந்தப் புறப்படக்கூடாது.

சிறு படகில் தூண்டிலைச் சுழற்றி வீசினால் முள் பக்கத்திலிருப்பவரின் கண்ணில் ஏறும். இறால் துண்டைக் குத்தி, நேரே கீழே இறக்கினால் போதும்.

பிடித்த மீனில் குஞ்சுகளை உயிரோடு திரும்ப விட்டுவிடுங்கள். உண்பதற்கு வேண்டியதை எடுங்கள். விளையாட்டுக்காக உயிரை வதைப்பது நமது மார்க்கத்தில் இல்லை. வுழூவுக்கு நல்ல தண்ணீர் போதாதே என்று கவலையும் வேண்டாம். கடலில் செல்வோர் இதே கேள்வியைக் கேட்டபோது, கடல்நீர் தூய்மையாக்கக் கூடியது என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

மட்டக்களப்பு 'மீன்பாடும் தேன்நாடு' எனப் பெயர் பெற்றது. 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் அருகே, அமைதியான நிலாக்கால இரவுகளில் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் அந்த ஓசை கேட்கும் என்பார்கள். அதற்காக இரவில் தோணி ஏற வேண்டாம். காலையிலேயே துடுப்பை நிறுத்தி, பிள்ளைகளைச் சற்று மௌனமாக இருக்கச் சொல்லுங்கள். கடலை நமக்கு வசப்படுத்தி, அதிலிருந்து பசுமையான மாமிசத்தைத் தந்ததாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். அந்த அருட்கொடையை இவ்வளவு காலமும் ஆய்ந்து, கழுவி, சமைத்து எங்களுக்குத் தந்தவர்கள் நீங்கள். அது வரும் இடத்தைக் கண்ணால் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு.

கணவன்மாரே, ஒரு காலைப்பொழுது பார்சலுக்கு நீங்கள் காவலிருங்கள். மகனோடு உம்மா போய் வரட்டும். அல்லாஹ் நமது பயணங்களைப் பாதுகாத்து, பரக்கத்தாக்கி வைப்பானாக. ஆமீன்.