கட்டர் சொன்ன உண்மையும் பொய்யும்

கிறிஸ்டோபர் நோலனின் ‘தி பிரஸ்டீஜ்’ 2006ல் வந்த படம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முடிவை ஒளித்துவைத்துப் பேச வேண்டியதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் இரண்டு மேடை வித்தைக்காரர்கள் ஒருவரையொருவர் அழிக்கப் புறப்படும் கதை. ஏஞ்சியராக ஹியூ ஜாக்மேன், போர்டனாக கிறிஸ்டியன் பேல். இளையவர்கள் இந்த இருவரில் யார் பக்கம் என்று வாதாடுவார்கள். எழுபதைத் தாண்டிவிட்ட எனக்குக் கண் போனதெல்லாம் மைக்கேல் கெய்ன் நடித்த கட்டர் மேல்தான்.

கட்டர் வித்தை காட்டுவதில்லை. வித்தைக்கு வேண்டிய கூண்டு, பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிட்டு, கோளாறு வந்தால் உடைப்பதற்குக் கோடரியோடு திரைக்குப் பின்னால் நிற்கிற பெரியவர். தொழில் முழுக்கத் தெரியும், கைதட்டல் கிடையாது.

பகை ஒரு சாவில் தொடங்குகிறது. ஏஞ்சியரின் மனைவி ஜூலியா கைகள் கட்டப்பட்டுத் தொட்டிக்குள் இறங்குகிறாள். முடிச்சு அவிழவில்லை. கட்டர் கோடரியால் கண்ணாடியைப் பிளப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. முடிச்சுப் போட்டவன் போர்டன். எந்த முடிச்சைப் போட்டாய் என்று கேட்டால், தெரியவில்லை என்கிறான்.

அதன் பிறகு கட்டர் ஏஞ்சியரிடம் சொல்லும் இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முழுப் படமும். ஒன்று உண்மை, இன்னொன்று பொய். உண்மையை ஏஞ்சியர் நம்பவில்லை. பொய்யை நம்பிவிட்டான்.

முதலில் உண்மை. போர்டன் மேடையில் ஒரு கதவுக்குள் நுழைகிறான். அடுத்த நொடியே எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறான். கட்டர் சொல்லிவிடுகிறார்: அவனைப் போலவே இன்னொருவனை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஏஞ்சியருக்கு இது போதவில்லை. இவ்வளவு எளிதாக இருக்க முடியாதாம். கட்டர் வழியிலேயே ஒரு குடிகார நடிகனைப் பிடித்து, வேஷம் போட்டு, அதே வித்தையை இன்னும் ஜோராகச் செய்துகாட்டுகிறார்கள், கூட்டமும் குவிகிறது. அப்போதும் இவனுக்குத் தீரவில்லை. போர்டனின் டைரியைத் தேடிப் பிடித்து, அதை நம்பி அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் போகிறான். அங்கே நிக்கோலா டெஸ்லாவிடம் இயந்திரம் செய்து தரச் சொல்லிக் காத்துக் கிடக்கிறான். (டெஸ்லா 1899ல் அந்த ஊரில் நிஜமாகவே ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். டேவிட் போவி அவராக வருகிற அழகைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இந்தப் பிடிவாதத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்க்கடைக்காரன் விடியற்காலை நாலரைக்கே எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறான் என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் சுருங்கும். “அது சரிதான், ஆனா வேற ஏதோ இருக்கு” என்பார். வேறு ஏதாவது இருந்தே ஆகவேண்டும். இரகசியமாக இருந்தால் அதைத் திருடிவிடலாம். நாலரை மணியை எப்படித் திருடுவது?

போர்டனிடம் இருந்ததும் அப்படிப்பட்டதுதான். அவன் ஒருவன் அல்ல, இரட்டையர். இருவரும் முறைவைத்துக்கொண்டு ஒரே மனிதனாக வாழ்கிறார்கள். வெளியே இல்லாதவன் ஃபாலன் என்ற உதவியாளன் வேஷத்தில் இருக்கிறான். ஒருவனுக்குத் துப்பாக்கிக் குண்டில் இரண்டு விரல் போனபோது மற்றவனுக்கும் உளிவைத்து வெட்டிக்கொள்கிறார்கள். இதைத் தியாகம் என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. மனைவி சாரா, புருஷன் சொல்லும் அன்பு இன்றைக்கு நிஜமா இல்லையா என்று அவன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் ஏன் இப்படி என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே தூக்கில் தொங்குகிறாள். அவளைக் கேட்டு யாரும் தியாகம் செய்யவில்லை.

உண்மை கண்ணெதிரே இருந்தும் எடுபடாமல் போவது சினிமாவில் மட்டுமல்ல. படத்தில் கொஞ்ச நேரம் வந்துபோகும் சுங் லிங் சூ நிஜத்தில் வாழ்ந்தவர். படம் அவரைச் சீனராகவே காட்டுகிறது. உண்மையில் அவர் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். சிங் லிங் ஃபூ என்ற அசல் சீன வித்தைக்காரர் 1898ல் அமெரிக்கா வந்தார். தன் தண்ணீர்க் கிண்ண வித்தையைச் செய்துகாட்டினால் 1000 டாலர் என்றார். ராபின்சன் முன்வந்தார், ஆனால் அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. 1900ல் ராபின்சன் ஐரோப்பாவில் பட்டும் பின்னலுமாகச் சீனராகவே மேடையேறினார். பத்திரிகைக்காரர்களிடம்கூட மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசுவார்.

1905ல் இருவரும் ஒரே சமயத்தில் லண்டனில் இருந்தார்கள். இவன் சீனனே இல்லை என்று ஃபூ தரப்பு அறைகூவியது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் போட்டி என்று ஏற்பாடானது. ராபின்சன் வந்தார், ஃபூ வரவில்லை. முதலில் அவன் சீனன் என்று நிரூபிக்கட்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். லண்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேஷக்காரர் கொட்டகையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. 1918 மார்ச் 23 அன்று உட் கிரீன் எம்பயர் அரங்கில் குண்டைப் பிடிக்கும் வித்தையில், தேய்ந்துபோன துப்பாக்கி நிஜமாகவே வெடித்தது. திரையை இறக்கச் சொல்லி அவர் கத்தியது ஆங்கிலத்தில். மறுநாள் இறந்துபோனார்.

இனி கட்டரின் பொய். ஜூலியாவைப் பறிகொடுத்து நிற்கும் ஏஞ்சியரிடம், மூழ்கிப் பிழைத்த ஒரு மாலுமியைத் தனக்குத் தெரியும் என்கிறார். தண்ணீரில் மூழ்குவது வீடு திரும்புவதுபோல் இருந்தது என்று அவன் சொன்னானாம்.

நம் துக்க வீடுகளில் கேட்காத பேச்சா இது? மூன்று நாள் மூச்சுத் திணறிப் போனவரைப் பற்றியும், “ஒரு சிரமமும் படலை, தூக்கத்துலயே போயிட்டார்” என்போம். இதை நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் போடும் பந்தல் மாதிரி அது. வெயில் தாங்க வேண்டும், காரியம் முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். வள்ளுவரே பொய்க்கு இடம் கொடுத்தவர், குற்றமில்லாத நன்மை வந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு.

கட்டர் பிரிக்கவில்லை. டெஸ்லாவின் இயந்திரம் ஏஞ்சியரை இரண்டாக்குகிறது. ஒருவன் மாடியில் தோன்றிக் கைதட்டல் வாங்குகிறான்; மற்றவன் மேடைக்கு அடியில் பூட்டிய தொட்டிக்குள் விழுந்து மூழ்குகிறான். இது ஒவ்வொரு காட்சியிலும் நடக்கிறது. வேறு எத்தனையோ வழி இருக்க, தன்னைக் கொல்ல ஏஞ்சியர் தண்ணீரைத் தேர்ந்தது ஏன்? படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மாலுமி கதைதான் அவனுக்குத் துணிச்சல் கொடுத்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் எல்லாம் தெரிந்த பிறகு கட்டர் அவனிடம் நிதானமாகச் சொல்கிறார்: அன்றைக்கு நான் சொன்னது பொய், அந்த மாலுமி சொன்னது நரக வேதனை என்று.

பார்க்கிறவர்களுக்கு அந்த இடம் திருப்தியாக இருக்கும், அயோக்கியனுக்குச் சரியான அடி. எனக்குக் கட்டர் மேல்தான் கோபம் வந்தது. ஏஞ்சியர் தொட்டியை மறைத்தே வைத்திருந்தான், மேடைக்கு அடியில் குருடர்களை வேலைக்கு வைத்திருந்தான், கட்டரை உள்ளே விடவில்லை, அதெல்லாம் சரி. அதற்கு முன்னால் இருவரும் எத்தனை மாலை ஒரே பட்டறையில் உட்கார்ந்து திருகாணி முடுக்கினார்கள்! ‘அன்னைக்கு உன் முகத்தைப் பார்க்க முடியாம அப்படிச் சொல்லிட்டேன்ப்பா’ என்று ஒரு மாலையில் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி பட்ட பாடு தெரிந்து அவன் அழுதிருப்பான். கட்டரோடு ஒரு மாதம் பேசாமல்கூட இருந்திருப்பான். பெரியவர் அந்த உண்மையைக் கையிலேயே வைத்திருந்து, அவனைத் தண்டிக்க வேண்டிய நாள் வந்தபோதுதான் வெளியே எடுத்தார்.