கை மறந்த பட்டன்கள்

பாதியில் நிறுத்திய நாவலை ஆறு மாதம் கழித்து எடுத்தாலும், நாலு பக்கம் பின்னால் போய்ப் படித்தால் கதை பிடிபட்டுவிடும். படிக்கத் தெரிந்த திறமை அந்த ஆறு மாதத்தில் எங்கும் போய்விடாது. வீடியோ கேம் அப்படியில்லை. கதை மனதில் தங்கியிருந்தாலும் கை மறந்துவிடுகிறது. எல்டன் ரிங் என்ற கேமில் உருண்டு தப்பிக்க வட்டப் பட்டன், மருந்து குடிக்கச் சதுரப் பட்டன். தினமும் விளையாடுகிற நாட்களில் இதை யாரும் யோசிப்பதில்லை. எதிரி வாளை ஓங்கும்போதே விரல் தானாக வட்டத்துக்குப் போய்விடும். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு வேலை தொடங்கியதும் நான் அந்த கேமை நிறுத்தினேன். மே மாதம் மறுபடியும் அதன் ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குள் நின்றபோது வழி நினைவிருந்தது, எதிரி எந்த மூலையில் ஒளிந்திருப்பான் என்பதும் நினைவிருந்தது. விரல்களுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. மாதக்கணக்கில் சேர்த்த பழக்கம் இரண்டே மாதத்தில் கரைந்திருந்தது.

நேரமில்லை என்று நாம் சொல்லும்போது மணிக்கணக்கைத்தான் சொல்கிறோம். இந்த கேம் முடிக்க ஐம்பது மணி நேரம், அது நூறு மணி நேரம், நமக்குக் கிடைப்பதோ ராத்திரி முக்கால் மணி நேரம் என்று வகுத்துப் பார்த்துச் சோர்ந்துபோகிறோம். அந்தக் கணக்கு தவறில்லை, ஆனால் அது முழுக் கணக்கும் இல்லை. முக்கால் மணி நேரம் தினமும் கிடைத்தால் எவ்வளவு பெரிய கேமையும் ஒரு நாள் முடித்துவிடலாம். வேலைக்குப் போகிறவருக்கும், குழந்தை வளர்க்கிறவருக்கும், வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொள்கிறவருக்கும் அந்த முக்கால் மணி நேரம் தினமும் வருவதில்லை. ஒரு வாரம் வரும், அடுத்த மூன்று வாரம் வராது. எங்களை வீழ்த்துவது இந்த இடைவெளிதான்.

புதிது புதிதாக வருகிற கேம்களை எல்லாம் எட்டிப் பிடிக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் அவற்றை யாராலும் பிடிக்க முடியாது. 2024-ல் மட்டும் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. அந்த ஆண்டின் முடிவில் ஸ்டீம் தந்த கணக்குப்படி, அங்கே மக்கள் விளையாடிய மொத்த நேரத்தில் அந்த ஆண்டுப் புது கேம்களுக்குப் போனது 15 சதவீதம்தான். மீதியெல்லாம் பழைய கேம்கள். நடுத்தரமான ஒரு பயனர் ஆண்டு முழுவதும் தொட்டுப் பார்த்தவை நான்கு கேம்கள். வாங்கிப்போட்டு விளையாடாத கேம்கள் கல்லூரி அரியர் போலக் குவிந்து கிடப்பதைப் பார்த்து மனம் உறுத்துகிறவர்கள் இந்த நான்கு என்ற எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அரியரை எழுதித்தான் ஆக வேண்டும். கேமுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

சின்ன வயதில் நேரம் கொட்டிக் கிடந்தது, இப்போதுதான் இல்லை என்று என் வயதுக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது உண்மையாகத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் நாங்கள் போன வீடியோ கேம் கடையில் நேரத்துக்குத்தான் காசு. கடைக்கார அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருப்பார். "டைம் ஆச்சுப்பா, அடுத்த பசங்க நிக்கிறாங்க" என்றால் கான்ட்ராவில் எந்த இடத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். வீட்டில் கேசட் போட்டு விளையாடுகிற பெட்டி வந்த பிறகும் டிவி அப்பாவின் செய்திக்கும் அம்மாவின் தொடருக்கும் இடையில்தான் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே மின்வெட்டு. அந்தக் கேசட்டுகளில் சேவ் என்ற ஒன்றே இல்லாததால், கரண்ட் போனால் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போதும் எங்கள் நேரம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. ஆனால் கேம்கள் அந்தத் துண்டுக்குள் அடங்கின. சூப்பர் மாரியோவைக் குறுக்குவழிக் குழாய்கள் தெரிந்தவர்கள் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். ஜோர்டன் மெக்னர் 1989-ல் கொண்டுவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் இளவரசியை மீட்கத் தரப்படும் மொத்த நேரமே 60 நிமிடம். அப்படியென்றால் மாறியது எங்கள் வாழ்க்கை மட்டும் இல்லை. கேம்கள் வளர்ந்து ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்காமல் போனதும் இதில் பாதி.

அவை வளர வளர, விளையாடுகிறவர் நடுவில் எழுந்து போவார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை அவற்றைச் செய்கிறவர்களுக்கு வந்தது. அந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. காசு போட்டு ஆடும் ஆர்கேடில் சேவ் செய்ய யாருக்கும் அவசியம் இல்லை. சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். 1986-ல் ஜப்பானில் வெளிவந்த தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா, விளையாடியவரின் முன்னேற்றத்தை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கேசட்டாகப் போனபோது, அந்த நினைவு அழியாமல் இருக்க உள்ளே ஒரு பேட்டரியை வைத்தார்கள். அதே 1986-ல் வந்த டிராகன் குவெஸ்டில் பேட்டரி இல்லை. நிறுத்தும்போது அரசர் ஒரு மந்திரம் சொல்வார், 20 எழுத்து. அதைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த முறை அப்படியே தட்டினால் விட்ட இடம் வரும். இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்து வரைக்கும் நீண்டது. ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. மூன்றாம் பாகத்தில்தான் பேட்டரி வந்தது. மந்திரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையை நினைக்கும்போது, சேவ் என்ற சின்ன வசதிக்குப் பின்னால் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தோன்றுகிறது. உனக்கு வேறு வேலையும் இருக்கும், போய்விட்டு வா, இங்கே எல்லாம் அப்படியே இருக்கும் என்று செய்கிறவர் சொல்கிறார். 2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸின் மூடியை மடக்கினால் போதும், கேம் அந்த நொடியில் உறங்கிவிடும். ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் இன்று அதையே பெரிய கேம்களுக்குச் செய்கின்றன. குக்கர் விசில் அடிக்கும்போதும், வாசலில் யாரோ கூப்பிடும்போதும் ஒரு பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போக முடிவது என்னைப் போன்றவர்களை இந்தக் கலையோடு இன்னும் சேர்த்து வைத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் கேம்களும் பெருகியிருக்கின்றன. அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸில் கடிகாரம் நம் கடிகாரம்தான். சில வாரம் போகாவிட்டால் தீவெங்கும் களை முளைத்திருக்கும், வீட்டுக்குள் கரப்பான் பூச்சி ஓடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். அது அன்பாகச் செய்ததுதான், ஆனால் ஏற்கெனவே எல்லாரிடமும் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறவருக்கு அதுவும் ஒரு சுமை. சீசன் பாஸ் விற்கும் கேம்களில் இந்தத் தேதிக்குள் முடிக்காவிட்டால் அந்தப் பரிசு கிடையாது. டெஸ்டினி 2-ல் 2020 நவம்பரில் முதல் கதைத் தொடரான ரெட் வார் முழுவதையும் எடுத்தே விட்டார்கள். கிரகங்களே காணாமல் போயின. காசு கொடுத்து வாங்கி, நிதானமாக விளையாடிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவர்களுக்குக் கதை இல்லை. மெதுவாக வருகிறவரைத் தண்டிக்கும் இந்த முறை எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. ஒரு நூலகம் இப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

திரும்பி வருகிறவரை நினைத்துச் செய்த கேம்களும் உண்டு. 2004-ல் வந்த போக்கிமான் ஃபயர்ரெட், விட்ட இடத்தைத் திறந்ததும், கடைசியாக நாம் செய்த காரியங்களைச் சின்னச் சின்னக் காட்சிகளாகக் காட்டிவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் விடும். தி விட்சர் 3-ல் கேம் லோட் ஆகும்போது டான்டிலியன் என்ற பாணன் இதுவரை நடந்ததைச் சொல்லுவான். நாயகன் கெரால்ட்டின் நண்பன் அவன். லோட் ஆகும் வெற்று நேரத்தை நினைவூட்டலாக மாற்றிய அந்த யோசனையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் ஆர்தர் மார்கனின் நாட்குறிப்பு. 1899-ன் அமெரிக்காவில் ஓடி ஒளிந்து திரியும் கொள்ளைக்காரன் அவன். பையில் ஒரு நோட்டு வைத்திருப்பான். ஒவ்வொரு காரியம் முடிந்ததும் தன் கையெழுத்தில் நாலு வரி எழுதுவான், பார்த்த பறவையையும் கட்டடத்தையும் பென்சிலால் வரைவான். மாதம் கழித்து வந்தால் நான் முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான். போன தடவை எங்கே விட்டோம், யார் மேல் கோபம், யாருக்குக் கடன் என்பதெல்லாம் அவன் குரலிலேயே கிடைக்கும். இந்த கேமை மெதுவாக நகர்கிறது என்று பலர் கைவிட்டார்கள். ஆரம்பத்தில் பனிமலையில் குதிரைகள் முழங்கால் அளவு பனியில் தடுமாறி நடக்கும் மணிநேரங்களைத் தாங்க முடியவில்லை என்றார்கள். நேரம் குறைந்தவன்தான் இதை முதலில் ஒதுக்குவான் என்று நினைப்போம். எனக்கு நேர்மாறாக நடந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஓட்டமாக ஓடிவிட்டு வந்தவனுக்கு, குதிரையை நடக்கவிட்டுப் புல்வெளியைக் கடப்பதே ஒரு முழு இரவுக்குப் போதுமானதாக இருந்தது. கதை ஓர் அங்குலம்கூட நகராத இரவுகள் அதில் நிறைய உண்டு.

என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாட்களில் சண்டைக் கட்டம் எதையும் தொடமாட்டேன். அது அவள் வயதுக்கான கேம் இல்லை. குதிரைச் சவாரி மட்டும்தான். "குதிரைக்குப் பசிக்கும்ப்பா, கேரட் குடு" என்பாள். குதிரையைத் தட்டிக்கொடுத்து, ஊட்டி, உடம்பில் ஒட்டிய சேற்றைத் துலக்கி முடிப்பதற்குள் அவளுக்குத் தூங்கும் நேரம் வந்துவிடும். பெரியவனான பிறகு கேம் விளையாடுவது எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

சின்ன கேம்களையே விளையாட வேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. விளையாடுகிறேன். டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட வெண்பாவை ஒரே ராத்திரியில் முடித்தேன். எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய கிழிந்த சமையல் குறிப்புகளை வைத்து இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்ய வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது அங்கே ஒரு புதிர். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையில் பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. நீளத்தை வைத்து கேமின் எடையை அளக்கிறவர்கள் அதை ஒரு தடவை விளையாட வேண்டும். இருந்தாலும் நேரம் இல்லாதவர்களுக்குச் சின்ன கேம், நேரம் உள்ளவர்களுக்குப் பெரிய கேம் என்று பிரித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். விரிந்த உலகத்தில் அலைந்து தொலைந்துபோகும் ஆசை நாற்பது வயதில் அணைந்துவிடுவதில்லை.

அதனால்தான் மறுபடியும் எல்டன் ரிங்குக்கே வருகிறேன். அதைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேரின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அந்த கேம் நொடிக்கு நொடி தானே சேவ் செய்துகொள்கிறது, வெளியேறித் திரும்பினால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிறுத்துகிறது. ஆனால் நடுவில் நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டன் கிடையாது. மற்றவர்கள் நம் உலகத்துக்குள் நுழையக்கூடிய கேம் என்பது அதற்கான காரணம், அது புரிகிறது. இணைப்பைத் துண்டித்துத் தனியாக விளையாடினாலும் நிற்பதில்லை என்பதுதான் புரியவில்லை. இதே நிறுவனம் 2019-ல் செய்த செகிரோவில் பாஸ் உண்டு. அது இதைவிடக் கடினம் என்று சொல்கிறவர்கள் நிறைய. நடுவில் நிறுத்த முடிவதால் அதன் கடுமை துளியும் குறையவில்லை. கஷ்டமான சண்டை வேண்டும் என்று கேட்கிறவர், அந்தச் சண்டையின் நடுவில் அழுகிற குழந்தையைத் தூக்கவும் அனுமதி கேட்கிறார், அவ்வளவுதான். கை மறந்து வருகிறவருக்குப் பழகிக்கொள்ள ஒரு களம், பத்து நிமிடம் பாதுகாப்பாக வாள் வீசிப் பார்க்க ஓர் இடம், அதையும் சேர்த்துக் கேட்பேன். கதையை நினைவூட்ட டான்டிலியனைக் கொண்டுவரத் தெரிந்த இந்தத் துறையால் விரல்களுக்கு நினைவூட்டவும் ஒருவரைப் படைக்க முடியும்.

பலகையில் ஆடும் விளையாட்டுகளின் பெட்டி மேல், எத்தனை பேர் ஆடலாம், எந்த வயதினர், எத்தனை நிமிடம் என்று அச்சிடுவது வழக்கம். வீடியோ கேம் விற்கும் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு எத்தனை ஜிபி நினைவகம் வேண்டும் என்பது வரைக்கும் இருக்கும், மனிதருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது இருக்காது. ஆனால் 2025-லிருந்து ஸ்டீமில் அணுகல் வசதிகள் என்ற பட்டியலை கேம் செய்கிறவர்கள் நிரப்பலாம். அதில் ஒரு வரி, எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்பது. உடல் ஒத்துழைக்காதவர்களும் மாற்றுத்திறனாளிகளும் நெடுநாள் கேட்டுப் பெற்ற பட்டியல் அது, நேரமில்லாத நாங்கள் அவர்களுடைய உழைப்பில் பயனடைகிறோம். புது கேம் ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் இப்போது நான் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையைப் பார்க்கிறேன்.