வெயில் மட்டும் போதாது

கடலூர்க் கரையின் கிள்ளையிலும் பக்கத்து முடசல் ஓடையிலும் மீன் காயவைக்கும் பெண்களிடம் சரக்கு ஏன் கெட்டது என்று கேட்டால், "வெயில் இல்ல" என்ற பதில்தான் முதலில் வரும். ஐப்பசி, கார்த்திகைக்கு அது பொருந்தும். ஆனால் சுள்ளென்று காய்கிற பங்குனியிலும் சில கருவாடு மேலே விறைத்து உள்ளே பிசுபிசுக்கிறதே, அதற்கு வெயிலைக் குறை சொல்ல வழியில்லை. காயவைப்பதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சூடு குறைந்ததால் வருவதில்லை, ஈரத்தைச் சுமந்த காற்று வெளியேற வழியில்லாததால் வருபவை என்பதே நான் கண்டது.

புது மீனின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அது மீனின் மேற்பரப்புக்கு வந்து, சுற்றியுள்ள காற்றில் கலந்து, அந்தக் காற்றும் நகர்ந்தால்தான் அடுத்த ஈரத்துக்கு இடம் கிடைக்கும். மணலில் பரப்பினால் அடிப்பக்கத்துக்குக் காற்று இல்லை. அதனால்தான் அந்தப் பெண்கள் ஓயாமல் புரட்டிப் போடுகிறார்கள். அந்த உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நெத்திலி மெலிந்த மீன், தப்பித்துவிடும். தடித்த மீனைக் கீறி விரிக்காமல் கடும் வெயிலில் போட்டால் தோல் இறுகி, உள்ளிருக்கும் நீருக்கு வாசல் அடைபட்டுவிடும்.

நகரத்து அடுக்குமாடியில் துணி உலர்த்தும் டிரையருக்கும் இதே நோய்தான். "சூடாகுது, துணி மட்டும் காயல" என்ற புகார் வந்தால் ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன் பஞ்சு வடிகட்டியையும், வெளியேற்றும் குழாய் மடங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காற்று அடைபட்டால் உள்ளே சூடு ஏறிப் பாதுகாப்பு ஃபியூஸ் போகும். அடைப்பை எடுக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும். தொட்டி நிறையத் துணியைத் திணிப்பதும் மீனைக் குவிப்பதும் ஒரே தவறு.

அப்படியானால் மழைக்காலத்தில் சூடே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 46 சதவீதம் அளவுக்கு இறங்கும். அதன் தாகம் கூடும். ஆனால் குடித்த காற்று வெளியே போகாவிட்டால் சூரிய உலர்த்திக் கூடாரத்தின் பிளாஸ்டிக் கூரை உட்புறம் வியர்த்து, அந்த நீர் மீன்மேலேயே சொட்டும். சூடு 50 டிகிரியைத் தாண்டிப் போனால் மீன் காயாமல் வேகத் தொடங்கும். மணலை விட்டு உயரே காயவைக்கப் பரண் கட்டக் காசுக்கு எங்கே போவது என்பது இன்னும் வலுவான மறுப்பு. இரும்பு வலைக்கு அது சரி, உப்பில் துருவும் பிடிக்கும். சவுக்குக் கழியும் கழித்துப்போட்ட மீன்வலையும் கடலூர்க் கரையில் கிடைக்காத பொருள்களா? இடுப்பளவு உயரத்தில் கட்டினால் காற்று அடியிலும் ஓடும், மணலும் ஒட்டாது.

மீனவப் பெண்களுக்குச் சூரிய உலர்த்தி கொடுக்கத் திட்டம் போடுபவர்கள், கூடாரத்தின் கீழே காற்று நுழையவும் உச்சியில் வெளியேறவும் திறப்பு வைத்த பிறகே அதைக் கரைக்கு அனுப்பட்டும்.