குரல் வந்தது, முகம் வரவில்லை



எங்கள் மத்ரஸா ஆண்டு விழாவை டிவிடியாக்கி 12 வீடுகளுக்குக் கொடுத்திருந்தேன். இக்காலத்தில் டிவிடி எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசியை இயக்கத் தெரியாத முதியவர்கள் உள்ள வீடுகள் அவை.

இரண்டு நாள் கழித்து, விழாவில் கிராஅத் ஓதிய மாணவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான்.

"ஹஜ்ரத், நன்னாவுக்கு என் குரல் மட்டும்தான் வருதாம். நான் தெரியலையாம்."

அவருக்குச் சென்ற மாதந்தான் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்றெண்ணி, சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்திருக்கிறார். வீட்டில் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

வட்டை என் கணினியில் இட்டேன். வரவேற்புரை, சிறப்புரை எல்லாம் ஒழுங்காக ஓடின. அவன் ஓதும் இடத்தில் மட்டும் திரை கறுத்து, குரல் ஒலித்தது.

காரணம் இதுதான். படத்தொகுப்பை மூத்த மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் செய்து, காட்சித் துண்டுகளோடு ப்ராஜெக்ட் கோப்பையும் தந்தார். அந்தக் கோப்பில் காட்சிகள் இரா. எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதை என் கணினியில் திறந்து நேராக டிவிடியாக்கினேன். கிராஅத் பகுதி ஒருவரின் கைப்பேசியில் எடுக்கப்பட்டது, எச்.இ.வி.சி என்னும் புதிய முறையில் பதிவானது. அதைப் படிக்கும் கோடெக் என் கணினியில் இல்லை. ஒலி வேறு முறையில் இருந்ததால் அது மட்டும் வந்தது.

ஆனால், அதை நான் எப்படிக் கவனியாமல் விட்டேன்? கொடுக்கும் முன் முதல் பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு மாணவர் ஏடுகளைத் திருத்தியபடியே, மக்ரஜ் சரியாக இருக்கிறதா என்று செவியால் கேட்டேன். ஓதலில் பிழை இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பிறர் பிள்ளைகளின் காட்சி என் கையில் அமானிதமாக இருந்த நேரம் அது.

மூத்த மாணவர் தம் மடிக்கணினியிலேயே முழுவதையும் எச்.264 முறையில் ஒரே எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்தார். அதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். பிறகே டிவிடிக்குரிய எம்பெக்-2 வடிவுக்கு, 720×576 அளவில், நொடிக்கு 25 சட்டகங்களாக மாற்றினோம். முதல் பிரதியை அழித்தெழுதும் வட்டில் பதிந்து, தொலைக்காட்சியில் ஓட்டிச் சரிபார்த்தோம். ஐபோனில் எடுப்பவர்கள் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துகொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

புதிய வட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்து, பிழை என்னுடையது, உங்கள் கண்ணுடையதன்று என்றேன். பெரியவர் அப்போதே போடச் சொன்னார். பேரன் திரையில் வந்ததும் சற்று முன்னே சாய்ந்தார்.

"தொப்பி கோணலா இருக்கே ஹஜ்ரத், நீங்க பார்க்கலையா?"