தன் சொல்லும் சான்றும்

கட்டுரைத் தேர்வு என்றதும் நம் மாணாக்கர் பலர்க்கு நினைவில் எழுவது மனப்பாடம். முன்னுரையும் முடிவுரையும் முன்னரே அமைந்துவிட, தலைப்பு மட்டுமே தேர்வறையில் புதிதாய் இருக்கும். இவ்வழக்கத்திற்கு இடமளியாத ஒரு தேர்வைக் கடந்த ஆண்டுகளில் அணுகி நோக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அமெரிக்கக் காலேஜ் போர்டு ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்தும் 'ஏ.பி. ஆங்கில மொழியும் கட்டுரை வரைதலும்' என்னும் தேர்வே அது. உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போதே கல்லூரித் தரத்து எழுத்துப் பயிற்சியை அளந்தறிவது அதன் நோக்கம். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவர். உயர்ந்த மதிப்புப் பெற்றோர்க்குக் கல்லூரிகள் பல பாடவிலக்கு அளிக்கின்றன.

நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் என் லாத்தாவின் மகள் 2025ஆம் ஆண்டு அத்தேர்வை எழுதினாள். ஆறு மாத காலம் ஞாயிறுதோறும் தொலைபேசியில் என்னோடு உரையாடுவாள். ஆங்கிலத் தேர்வில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தனர். அவள் ஆங்கிலத்தைத் திருத்தும் வேலை எனக்கில்லை. அவள் எண்ணத்தைக் கேட்கும் வேலை இருந்தது.

தேர்வு மூன்றேகால் மணி நேரம். முதற்பகுதியில் 45 கொள்குறி வினாக்கள். ஒரு மணி நேரத்தில் விடையளித்தல் வேண்டும். எஞ்சிய நேரத்தில் மூன்று கட்டுரைகள். முதலாவது, கொடுக்கப்படும் சான்றுகளுள் மூன்றையேனும் ஆண்டு தன் நிலைப்பாட்டை நிறுவுவது. இரண்டாவது, ஓர் உரையின் சொல்லாட்சித் திறனை ஆராய்வது. மூன்றாவது, தன் அறிவும் பட்டறிவும் கொண்டு வாதிடுவது. 2025 முதல் இவை அனைத்தும் கணினியிலேயே எழுதப்படுகின்றன.

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆறு மதிப்பெண். தெளிந்த கருத்துரைக்கு ஒன்று. சான்றுக்கும் விளக்கத்திற்கும் நான்கு. சிந்தனை முதிர்ச்சிக்கு ஒன்று. 'உலகம் தோன்றிய நாள் முதல்' என்பது போன்ற பொதுமொழிக்கும், பயனின்றிச் சிக்கலாக்கிய நடைக்கும் அவ்விறுதி மதிப்பெண் கிடைப்பதில்லை. இதனை அறிந்தபோது, நம் வகுப்பறைக் கட்டுரைகள் பலவற்றின் முதல் வரிகள் என் கண்முன் வந்து நின்றன.

பழைய வினாக்களையும் மாதிரி விடைகளையும் காலேஜ் போர்டே வெளியிடுவதால் பயிற்சிக்குக் குறைவில்லை. ஒரு ஞாயிறன்று அவள் எடுத்துக்கொண்டது 2016ஆம் ஆண்டு வினா. ஆங்கிலம் ஒன்றையே அறிந்தோர்க்கு இன்று அதனால் இழப்பு உண்டா என்பது பொருள். இழப்பில்லை என்று எழுதியிருந்தாள். கட்டுரை ஒழுங்காகவே இருந்தது. காரணம் கேட்டேன்.

"மாமா, எந்தப் பக்கம் எழுதினாலும் மார்க் உண்டு. இந்தப் பக்கம் எழுதுவது எளிது. நான் நம்புவதைத்தான் எழுத வேண்டும் என்று ரூல் இல்லையே?" என்றாள்.

அவள் கூற்று உண்மை. அத்தேர்வு வாதத்தின் வலிமையை அளக்கின்றது. எழுதுவோர் நெஞ்சத்தை அளக்க அதனிடம் கோலில்லை. அறிவுரை கூறாது, "உனக்கு இழப்பு ஏதும் இல்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "உம்மா பெட்டியில் நன்னா எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

என் தந்தையார் தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள் அவை. பேத்தி தமிழ் பேசுவாள், எழுத்தறியாள். அடுத்த வாரம் கட்டுரையை மாற்றி எழுதினாள். கடிதங்களைப் பற்றி இரண்டே வரிகள். மற்றவை மூன்று சான்றுகளை எடைபோட்டு, ஆங்கிலமே போதும் என்பாரின் வலுவான வாதத்தை மதித்து ஏற்று, அதன் எல்லையைக் காட்டிய பகுதிகள். முந்தைய கட்டுரையில் சான்றுகள் அவளை நடத்திச் சென்றன. இதில் அவள் சான்றுகளை நடத்திச் சென்றாள்.

இப்பயிற்சி நமக்குப் புதிதன்று. நன்னூலார் பாயிரத்தில் நூலுக்குரிய ஏழு மதங்களைக் கூறுகின்றார். பிறர் கருத்தை ஏற்றல், மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின் களைதல், மாறுபடும் இருவருள் ஒருவர் பக்கம் துணிதல், தானே ஒரு கருத்தை நாட்டி நிறுவுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். சான்றுகளை எடைபோட்டு அவள் எழுதிய கட்டுரைக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் நான் அறியேன். நாமோ அந்நூற்பாவை ஐந்து மதிப்பெண் வினாவாக்கி ஒப்பிக்கச் செய்கின்றோம்.

மாணாக்கர்களே! அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்குமுன், அப்பொருளில் உங்கள் கருத்து யாது, அதற்குச் சான்று யாது, மறுப்பார் என் சொல்வர் என்னும் மூன்றையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அத்தாள் வெறுமையாக இருப்பின், மனப்பாடம் செய்த முன்னுரை அதனை நிரப்பாது.

கடிதங்களைப் பற்றியும் ஒரு சொல். ஜூலையில் தேர்வு முடிவு வரும் முன்னரே அவள் என்னிடம் கேட்டது, தமிழ் அரிச்சுவடி ஒன்று அனுப்ப இயலுமா என்பதே. அனுப்பினேன். இப்போது உயிர்மெய் வரிசையில் இருக்கின்றாள்.