குலம் கேட்ட சபை

என்னைக் கிறிஸ்து மார்க்கத்திற்கு அழைத்து வந்த பாதிரியாரும் அவர்தம் துணைவியாரும் தஞ்சோங் பகாரில் தங்கியிருப்பதறிந்து, இருபதாண்டுகட்குப் பின் சென்று கண்டேன். என் மகளைப் பெண் கேட்டு வந்த சபைக் குடும்பமொன்று, முதற் கேள்வியாக எம் குலத்தை வினவியிருந்தது. சாதி ஒழியவன்றோ யான் மதம் மாறினேன்!

"நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிச் சுவர் 1910-இல்தானே வீழ்ந்தது?" என்றேன். அது கத்தோலிக்கர் கோயில் என்று அவர் நழுவியிருக்கலாம், நழுவவில்லை. "எம்மவர் மட்டும் என்ன? சாதியை உடனே விடுமாறு 1833-இல் கல்கத்தா பிஷப்பு வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டார்களேயன்றிச் சாதியை விடவில்லை. அறிந்தும் அதனை உமக்குச் சொல்லாமலே வேதம் கற்பித்தோம்" என்றார்.

வேதம் கற்பித்த நாளினும் அன்றுதான் அவர் எனக்கு ஆசிரியராகத் தோன்றினார். அம்மையாரோ, "உம் மகள் என்ன சொன்னாள்?" என்றார்.

"குலம் கேட்டவர் வீட்டில் வாழேன் என்றாள்" என்றேன்.